கடைசி டூர்

"டால்பின் பாக்கப் போவோமா?" என்று என் கணவர் கேட்டபோது நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிற முகமாக இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

டால்பின் என்றதும் யாராவது பயப்படுவார்களா என்று கேட்கலாம். ஷார்ஜாவில் எங்கள் கட்டிடத்தில் குடியிருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். இங்கே மாதச் சம்பளத்தில் இருக்கிற மனிதன் குடும்பத்தை வருஷக்கணக்காக எங்கேயும் கூட்டிப்போக மாட்டான். லீவு நாளில் சூப்பர் மார்க்கெட், கடற்கரையில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் திடீரென்று ஒரு வாரம் ஒட்டகம் காட்டி, அடுத்த வாரம் உயரமான கட்டிடத்தின் உச்சியைக் காட்டி, அதற்கடுத்த வாரம் படகிலும் ஏற்றினான் என்றால் பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பப் போகிறான் என்று அர்த்தம். வேலை போயிருக்கும், இல்லாவிட்டால் சம்பளத்தை வெட்டியிருப்பார்கள். குடும்பத்தை விமானம் ஏற்றிவிட்டு, வீட்டைக் காலி செய்து, அவன் நாலு பேரோடு ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒற்றைக் கட்டிலுக்குப் போவான். துபாயில் இருந்தேன் என்று சொல்ல ஊரில் நாலு போட்டோவாவது வேண்டுமே, அதற்குத்தான் இந்தச் சுற்றல். கட்டிடத்துப் பெண்கள் நாங்கள் இதற்குக் கடைசி டூர் என்று பேர் வைத்திருந்தோம்.

மூன்றாவது மாடித் திருச்சிக்காரி ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்த போட்டோவைக் கட்டிடத்து வாட்ஸப் குழுவில் போட்டபோது நாங்கள் எல்லாரும் இதயம் போட்டோம். போட்டுவிட்டு ஒருத்திக்கொருத்தி போன் செய்துகொண்டோம். அந்த மாதமே அதே குழுவில் அவளுடைய சோபாவும் ஃபிரிட்ஜும் விற்பனைக்கு வந்தன.

ஆகவே நான் பயந்ததில் தப்பே இல்லை.

"என்ன திடீர்னு?" என்று கேட்டேன்.

"சும்மாதான். பிள்ளையும் கேட்டுக்கிட்டே இருக்கால்லா."

"அவ பூனைக்குட்டிகூடதான் கேக்கா. வாங்கிக் குடுத்தீங்களா?"

"நீ ஏன் எதுக்கெடுத்தாலும் நோண்டுத?" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார். வழக்கமாகச் சண்டையின் பாதியில் எழுந்து போவது நான்தான். அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்காவிட்டால் சமையலறைக்குள் புகுந்துகொள்வேன். அங்கே பாத்திரங்கள் என் பக்கம் பேசும். அன்றைக்கு அவர் போனது எனக்கு இன்னொரு துப்பாக இருந்தது.

அதற்கு முன்பே துப்புகள் சேர்ந்துகொண்டுதான் இருந்தன. அவருக்குக் கம்பெனி கொடுத்த கார் சர்வீசுக்குப் போனது, திரும்பவே இல்லை. கட்டிட வேலை நடக்கிற சைட்டிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போன், சாப்பாட்டு மேசையில் அவரைப் போலவே வாயை மூடிக்கொண்டு கிடந்தது. எல்லாவற்றையும்விட மோசம், அவர் நல்லவராகிவிட்டார். ரசத்தில் உப்பு கூடிப்போனாலும் நல்லாருக்கு என்றார். துவைத்த துணியை மடித்து வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் துணி மடிக்கத் தெரிந்த ஆளா இவர் என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கோபக்காரன் கோபக்காரனாக இருக்கிற வரைக்கும் வீட்டுக்கு ஆபத்தில்லை. திடீரென்று கனிந்துவிட்டால்தான் எனக்கு மூக்கில் வேர்க்கும்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நானும் மகளும் அவருடைய விசாவில் இருக்கிறோம். அவருக்கு வேலை இருக்கிற வரைக்கும்தான் எங்களுக்கு இந்த ஊர். நான் ஒரு பல் கிளினிக்கில் இன்சூரன்ஸ் பில் போடும் வேலை பார்க்கிறேன். கிளினிக் நடத்தும் டாக்டரம்மா, "உன்னை எங்க விசாவுக்கே மாத்திக்கிறேனே" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டிருக்கிறார். வீட்டில் வந்து சொன்னபோது என் கணவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஏன், என் விசா உனக்குக் குத்துதா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார், கேரளாக்காரர். அவர் வீட்டுக்காரர் அவருடைய விசாவில் இருக்கிறார். காலையில் மனைவியின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை போய் ஏற்றிவிட்டு வருவார். லிஃப்ட்டில் அவரைப் பார்த்தால் என் கணவர் மரியாதையாகத் தலையாட்டுவார். அவர் இறங்கியதும், "நல்ல உத்தியோகம்டி. பொண்டாட்டிக்கு வாட்ச்மேன்" என்பார். மகள் முன்னால் இப்படிப் பேசாதீர்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். மாற்றிக்கொள்ளவில்லை.

அதனால் எனக்குள் கணக்கு தெளிவாக இருந்தது. இவருக்குச் சம்பளத்தை வெட்டியிருக்கிறார்கள். இவர் எங்களை அனுப்பிவிட்டுக் கட்டிலுக்குப் போகப் போகிறார். மகளுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு வேலை, மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு, எல்லாம் ஒரு டால்பினோடு முடியப் போகிறது. அதை அவர் வாயிலிருந்தே பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு ஸ்வெட்டரைத் தேடினேன்.

லீவு நாளன்று, குளிர்கால இருட்டில், விடிவதற்குள் டூர் பஸ் வந்தது. ஓமனைச் சேர்ந்த முசந்தம்தான் போகிற இடம். ராஸ் அல் கைமாவைத் தாண்டி எல்லைக்கு வந்ததும் வழிகாட்டி எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கினார். எங்கள் மூன்று பாஸ்போர்ட்டும் என் கணவரிடம் ஒரு கறுப்புப் பையில் இருக்கும். வீட்டில் அலமாரிக்குள், வெளியே போனால் அவர் இடுப்பில். சாவியும் அவரிடம்தான். என் பாஸ்போர்ட் போட்டோவில் நான் எப்படி இருக்கிறேன் என்றுகூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் கணவரின் பாஸ்போர்ட்டை மற்றவர்களுடையதைவிட அதிக நேரம் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பல் கிடுகிடுக்கிற குளிரில் எந்த மனிதனுக்கு வேர்க்கும்?

"ஏன் வேக்குது?" என்றேன்.

"பஸ்ஸுல ஹீட்டர் போட்டாம்லா."

பஸ்ஸில் ஹீட்டர் இல்லை. என் கால்விரல்கள் சாட்சி.

கஸப் துறைமுகத்தில் ஏறிய படகு பெரிய மரப்படகு. தரையெங்கும் சிவப்புக் கம்பளம் விரித்து, ஓரத்தில் திண்டுகள் போட்டிருந்தார்கள். ஏறியதும் ஆளுக்கொரு போர்வை, சின்னக் கோப்பையில் கஹ்வா என்கிற அரபுக் காப்பி, பேரீச்சம்பழம். படகோட்டி ஓமன்காரப் பெரியவர். வழிகாட்டி பாகிஸ்தான்காரர், ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து சத்தமாகப் பேசினார். இரண்டு பக்கமும் புல்கூட முளைக்காத மலைகள் கடலுக்குள் நேராக இறங்கியிருந்தன. நடுவில் பச்சையாகத் தண்ணீர். காற்று ஸ்வெட்டருக்குள் கையை விட்டுத் தேடியது. என் கணவர் தன் போர்வையையும் எடுத்து என் தோளில் சுற்றினார்.

"எனக்கு ஒன்னு போதும்" என்றேன்.

"இருக்கட்டும்."

பிறகு போனை எடுத்து என்னைப் போட்டோ எடுத்தார். கட்டிடம் எடுப்பார், பைப் எடுப்பார், சைட்டில் விரிசல் விட்ட சுவர் எடுப்பார். என்னை எடுக்க மாட்டார். போன் முழுக்கத் தேடினாலும் என் முகம் கிடைக்காது. அன்றைக்கு எடுத்தார், மறுபடி எடுத்தார், "கொஞ்சம் சிரி" என்றார். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து சிரித்த திருச்சிக்காரியின் பல்வரிசை எனக்குக் கண்ணுக்குள் வந்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தில் பாஸ்போர்ட்டுக்கு நிற்கிறவள் போலத்தான் இருப்பேன்.

ஒரு பாறை முழுக்க நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. பாறையின் பாதி அவற்றின் எச்சத்தால் வெள்ளையாகியிருந்தது. சில சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. படகுக்குப் பின்னால் கடற்புறாக்கள் கூட்டமாக வந்தன. யாரோ ரொட்டியைப் பிய்த்துப் போட, தண்ணீரில் விழுவதற்குள் கொத்திக்கொண்டு போயின. வழிகாட்டி அவற்றைக் காட்டி, இவை குளிருக்குப் பயந்து வடக்கே எங்கோ பனி பெய்கிற நாட்டிலிருந்து வருகின்றன, வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விடும் என்றார்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா, தே டோன்ட் நீட் எ விசா? சும்மாவே வந்துட்டுப் போவாங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எதைச் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிற மனிதர். எனக்கு முடிவே ஆகிவிட்டது.

டால்பின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது கடலில் இருக்கிற ஜந்து. நாம் டிக்கெட் வாங்கினோம் என்று அதற்கு யார் சொல்வார்கள்? வழிகாட்டி இரண்டு தடவை "அதோ, அதோ" என்று கத்தினார். இரண்டு தடவையும் அங்கே இருந்தது அலைதான். மூன்றாவது தடவை முழுகி எழுந்த நீர்க்காகம். முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, மீன் போட்டுப் பழக்கிய இடத்துக்குக் கூட்டிப்போவார்களாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியே பழக்கியிருந்தாலும் அன்றைக்கு அவை வரவில்லை. குளிரில் அவையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்.

பிறகு வழிகாட்டி, எல்லாரும் கை தட்டுங்கள், விசில் அடியுங்கள், சத்தம் கேட்டால் படகோடு ஓடிவரும் என்றார். எல்லாரும் தட்டினோம். விசில் என்ற பேரில் வெறும் காற்றுதான் வந்தது. அப்போது என் கணவர் இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்து ஒரு விசில் அடித்தார். மலையில் மோதித் திரும்பி வந்தது. படகோட்டிப் பெரியவரே திரும்பிப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார்.

இத்தனை வருஷத்தில் இவர் விசிலடித்து நான் கேட்டதில்லை. இன்னும் என்னவெல்லாம் எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் மறுபடி அடித்தார். படகின் முன்பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். வந்துவிட்டன. மகள் போர்வையை உதறிவிட்டு மற்ற பிள்ளைகளோடு முன்னால் ஓடினாள். வழிகாட்டி அவர்களை வரிசையாகக் கம்பியைப் பிடித்து நிற்கவைத்தார். கம்பளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் டால்பினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது.

"எங்கள எப்ப அனுப்பப் போறீங்க?" என்றேன்.

"எங்க?"

"நடிக்காதீங்க. ஊருக்கு. இது கடைசி டூருன்னு எனக்குத் தெரியும். கார் போச்சு, போன் அடிக்கல, துணி மடிக்கீங்க, போட்டோ எடுக்கீங்க. நான் என்ன கண்ண மூடிக்கிட்டா இருக்கேன்? எந்த மாசம்னு மட்டும் சொல்லுங்க. பிள்ளைக்குப் பரீச்ச இருக்கு."

அவர் முன்பக்கம் திரும்பி, மகள் தூரத்தில்தான் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டார்.

"வேல போச்சு" என்றார். "கம்பெனிய மூடுதான். இந்த மாசம் வரைக்கும்தான்."

சம்பளத்தைக் குறைத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேலையே போயிருக்கும் என்று நினைக்கப் பயந்திருந்தேன் போலிருக்கிறது.

"அப்ப எல்லாருமே ஊருக்குப் போறோமா?"

"அனுப்பணும்னு நெனச்சிருந்தா டிக்கெட் போட்டுட்டுல்லா சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு கம்பளத்தின் பூவேலையை விரலால் தேய்த்துக்கொண்டே, "ஒன்னு கேப்பேன். கோவப்படக் கூடாது" என்றார்.

"கேளுங்க."

"டாக்டரம்மா உனக்கு விசா தாரேன்னாங்கள்லா. இன்னும் தருவாங்களா?"

"ஏன்?"

"நீ அதுக்கு மாறிட்டு பிள்ளைய உன் விசாவுல போடலாம்." அவர் காதுமடல் சிவந்திருந்தது, குளிராலா வேறெதனாலா என்று தெரியவில்லை. "வேற வேல கெடைக்குற வரைக்கும் என்னையும் போட்டுக்கிடுதியா?"

என் புத்தியைச் சொல்ல வேண்டுமே. அதிலும் ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் பட்டது. பொண்டாட்டிக்கு வாட்ச்மேன் என்று சொன்ன வாய் இது. என்னை எதற்கோ ஆழம் பார்க்கிறார், நான் சரி என்றதும் வேறொன்றை எடுத்துப் போடப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வேறெதையும் போடவில்லை.

"எதுத்த வீட்டுக்காரர்ட்ட போய்க் கேட்டேன்" என்றார். "அந்த நர்ஸ் வீட்டுக்காரர்ட்ட. என்னென்ன செய்யணும், எங்கெங்க போவணும்னு. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு. டீ போட்டுக் குடுத்தாரு. எல்லாம் சொன்னாரு. நல்ல மனுசன்டி."

அதைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். அந்த வீட்டுக் கதவைத் தட்ட இவர் எத்தனை தடவை கையை ஓங்கி இறக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ராத்திரி ராத்திரியாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே, மகளின் பள்ளிக்கூட உடுப்பை இஸ்திரி போடும்போதெல்லாம் இன்னும் எத்தனை தடவையோ என்று நினைத்தேனே, அதெல்லாம் எதற்காக?

"இத வீட்டுல கேக்க வேண்டியதுதான? இதுக்கு ஓமன் வரைக்கும் வரணுமா?"

"வீட்டுல கேட்டா நீ பாதியிலயே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவ. ஒரு வாரம் பேச மாட்ட" என்றார். சுற்றிலும் மலையையும் தண்ணீரையும் ஒரு தடவை பார்த்தார். "இங்க எங்க போவ?"

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். உங்களுக்காகவா மாறுகிறேன், எனக்கு வேலை பிடித்திருக்கிறது அதனால்தான் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேறு வார்த்தை வந்தது.

"உங்கள விட்டுட்டு நாங்க மட்டும் என்ன செய்யப் போறோம்? நாளைக்கே டாக்டரம்மாட்ட கேக்கேன்."

"தர மாட்டேன்னுட்டா?"

"தர வைக்கேன். அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரசத்துல உப்பு கூடினா கூடிச்சுன்னு சொல்லுங்க, அது போதும்."

அப்போது படகின் எங்கள் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் போலத் தண்ணீர் பிளந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. இரண்டும் ஒன்றாக எழுந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, ஒன்றாக முழுகின. அவ்வளவுதான். மீன் போட்டுப் பழக்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, பாத்தீங்களா? அப்பா விசிலுக்குத்தான் வந்துச்சு, அந்த அங்கிள் சொன்னார்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அழுறீங்க?" என்றாள்.

"காத்து" என்றேன். அவளும் என் மகள்தானே. நம்பவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும்போது வெயில் இறங்கி, குளிர் இன்னும் கூடிவிட்டது. கடற்புறாக்கள் துறைமுகம் வரை வந்தன. ரொட்டி தீர்ந்துபோன பிறகும் வந்தன. அவர் என்னை இன்னொரு போட்டோ எடுத்தார். இந்தத் தடவை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது, எந்த நேரம் அவருக்கு மனசு நன்றாக இருக்கும், எதிர் வீட்டுக்காரரிடம் மறுபடி என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயம் இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. ஒருத்தியாகச் சுமந்ததைவிட அது லேசு.

எல்லையில் அதிகாரி முத்திரை போட்டு முடித்ததும் வழிகாட்டி பஸ்ஸுக்குள் நின்று பேர் சொல்லிச் சொல்லிப் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். என் கணவர் எங்களுடையதை வாங்கினார். பழக்கத்தில் கை இடுப்புப் பைக்குப் போனது. பையின் ஜிப்பைப் பாதி திறந்தவர் நிறுத்திவிட்டார். பிறகு மூன்றையும் ஒன்றாக அடுக்கி என் மடியில் வைத்தார்.

"நீயே வச்சுக்கோ" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைப்பைக்குள் வைத்து மூடினேன். பஸ் கிளம்பியது. மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் சத்தம் வராமல் பையைத் திறந்து, மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. ஷார்ஜா வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு தடவை பார்த்தேன்.